இரண்டு நிமிடம் பதினொரு செக்கன்

தலவாக்கலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
ஆறடிக்கு நாலடி என் கடை.
போனுக்குக் கண்ணாடி மாற்றுவேன்,
ரீலோட் போடுவேன்,
பென்டிரைவில் பாட்டு ஏற்றுவேன்.
நூறு பாட்டு முந்நூறு ரூபாய்.
தொண்ணூற்றொன்பது அவரவர் விருப்பம்.
நூறாவது எப்போதும் அதுதான்.

பேர் சொல்லிக் கேட்கிறவர் யாருமில்லை.
"அந்தப் பாட்டு" என்பார்கள்,
கை காற்றில் கொஞ்சம் அசையும்,
எனக்கு விளங்கிவிடும்.

பாடியவள் யாரென்று தெரியாது.
என்னிடம் இருப்பது
முன்பு இதே கடையில் ரேடியோ திருத்திய
மரியதாஸின் கசட்டிலிருந்து எடுத்தது.
ஒருநாள் ரெக்கோடர் நாடாவை மென்றுவிட
அவர் கசங்கியதை வெட்டி
செலோடேப்பால் ஒட்டினாராம்.
அதனால்
இரண்டு நிமிடம் பதினொரு செக்கனில்
ஒரு சொல் இல்லை.
"நீ விட்டுப்போன" என்கிறது குரல்.
ஒரு 'டக்'.
"இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது."

இந்த மலைகளில் ஓடுகிற பிரதியெல்லாம்
அந்த வெட்டில் பிறந்தவை.
கொழுந்து லொறியில்,
கல்யாண வீட்டு ஸ்பீக்கரில்,
லயத்துக் காம்பராவில் சார்ஜ் குறைந்த போனில்,
அதே 'டக்'.

லிந்துலை ஓட்டோ யோகநாதன்
அந்த இடத்தில் "சிரிப்பு" போட்டுப் பாடுவான்.
ஸ்டோரில் இராவேலை பார்த்து ஓய்ந்த கலிஸ்டஸ்
"கடிதம்" என்று சத்தியமே பண்ணுவார்.
அவருடைய தகரப் பெட்டியில்
எழுபத்து நாலில்
மண்டபம் முகாமிலிருந்து வந்த ஒன்று இருக்கிறது.
பதில் போட முகவரி
அதற்குப் பிறகு வரவேயில்லை.
குவைத்திலிருந்து திரும்பிய ரீட்டா
பாட்டு சரியா என்று பார்க்கக் கேட்டவள்,
அந்த இடம் வந்ததும்
வாயைத் திறந்து மூடிக்கொண்டாள்.
மிச்சக் காசை மேசையிலேயே விட்டுப் போனாள்.

போன வெசாக் லீவில்
கொழும்பிலிருந்து வந்த ஒருவரின் போனில்
முழுப்பாட்டு இருந்தது.
இரைச்சல் இல்லை,
வயலின் தனி, தபேலா தனி.
புளூடூத்தில் வாங்கி
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கேட்டேன்.
இரண்டு நிமிடம் பதினொரு செக்கன்.
குடை.
"நீ விட்டுப்போன குடை."

குடையா!
சிரித்துவிட்டேன்.
வருசத்தில் பாதி மழையான ஊரில்
ஒரு குடைக்காகவா இத்தனை பேர்?

மறுநாளிலிருந்து அதையே ஏற்றிக் கொடுத்தேன்.
ஒரு கிழமை தாங்கவில்லை.
"தம்பி, இது வேற பாட்டு."
"இதுல அவ சின்னப்புள்ள மாதிரி பாடுறா."
யோகநாதன் கடை வாசலில் நின்று கத்தினான்:
"யாருடா உன்னக் குடை வைக்கச் சொன்னது?"
கலிஸ்டஸ் ஒன்றும் பேசவில்லை.
பென்டிரைவை மேசையில் வைத்து
ஒற்றை விரலால்
என் பக்கம் தள்ளினார்.

பழையதையே திரும்ப ஏற்றினேன்.
காசு வாங்கவில்லை.

ஹட்டன் பஸ் கொண்டக்டர் திலகசிறிக்குத் தமிழில்
"எறங்கு", "உள்ள போ", "சில்லற" மூன்றும்தான் வரும்.
ஆனால் முழுப்பாட்டும் பாடுவார்,
'டக்'கையும் சேர்த்து,
நாக்கை மேலண்ணத்தில் அடித்து,
பிசகாமல் அதே இடத்தில்.
ஒருநாள் அர்த்தம் கேட்டார்.
காதல் பாட்டு என்றேன்.
"அது தெரியும்" என்றார் சிங்களத்தில்,
"அந்த 'டக்'குக்கு என்ன அர்த்தம்?"
பஸ் நகர்ந்துவிட்டது, நல்லவேளை.

எனக்கு இருபத்தேழு வயது.
யாரும் என்னை விட்டுப் போனதில்லை,
விட்டுப்போகிற அளவுக்கு
யாரும் வந்ததுமில்லை.
முழுப்பாட்டு இன்னும் கம்பியூட்டரில் கிடக்கிறது.
அழிக்கவில்லை, போடுவதுமில்லை.

மழை பிடித்துக்கொண்ட மாலைகளில்
என் கடையில் ஒதுங்கியவர்கள்
பஸ்ஸைக் கண்டதும் ஓடுவார்கள்.
பிறகுதான் மூலையைப் பார்ப்பேன்.
இப்போது ஏழு சேர்ந்துவிட்டன.
கேட்டு யாரும் வருவதில்லை.
ஒன்றின் பிடியில் மட்டும் சிவப்பு நூல் சுற்றியிருக்கிறது.
அதை
இரவில் விரித்து வைத்துவிட்டுத்தான்
கடையைப் பூட்டுகிறேன்.